லாத்தா நீட்டிய டம்ளர்

2014 ஜூலை 15, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் காற்று, அப்புறம் கலங்கல், அப்புறம் தண்ணீர். கலங்கலைச் சாக்கடையில் விட்டேன். அண்டாவையும் இரண்டு குடங்களையும் நிரப்பினேன். குடிக்கிற குடத்தை மட்டும் கொதிக்க வைத்து இறக்கி, மேலே வெள்ளைத் துணி கட்டி வைத்தேன். என் கணவர் பொன்மலை ஒர்க்ஷாப்புக்கு முதல் ஷிப்டுக்குச் சைக்கிளில் கிளம்பினார். எட்டரை மணி பஸ்ஸில் நான் கன்டோன்மென்டில் இருந்த ஆடிட்டர் ஆபீசுக்குப் போனேன். மதியம் எலுமிச்சை சாதம், அப்பளம். ஆறு மணிக்குள் வீடு திரும்பி, கை கால் கழுவி, ஆறிய தண்ணீரை வடிகட்டிப் பானையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் குரல் கேட்டது.

"ஸ்ரீரங்கத்தம்மா, உப்பு பாருங்க."

லாத்தா நின்றிருந்தார். கையில் சின்னக் கிண்ணம், அதில் ஆவி பறக்கும் நோன்புக் கஞ்சி. ரமலான் மாதம் முழுக்க இது எங்களுக்குள் நடக்கும் வேலை. நோன்பு பிடித்திருப்பவர் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். என்னிடம் கொண்டு வருவார். எனக்கென்று கறி போடாமல் தனிச் சட்டியில் காய்ச்சி, அதே அளவு உப்புப் போட்டு எடுத்து வருவார். நான் கிண்ணத்தைத் தூக்கி வாயில் விட்டுக்கொள்வேன்.

"தூக்கிக் குடிச்சா தொண்டைக்குத்தான் தெரியும். நாக்குக்கு எப்படித் தெரியும்? வாய வெச்சுக் குடிங்கன்னா கேக்கறீங்களா?"

"பழக்கம் லாத்தா. மாத்த வரல."

"சரி, உப்பு?"

"ஒரு சிட்டிகை போடலாம்."

"உங்க நாக்கு சொன்னா அப்ப ரெண்டு சிட்டிகை போடணும். பெருமாள் கோயில் நாக்கு அது." கிண்ணத்தை வாங்கிக்கொண்டவர் போகாமல் நின்றார். "கஞ்சிய எறக்கி வெச்சுட்டு வரேன். இன்னிக்கு நோன்பு தொறக்க ஒரு வீட்டுக்குப் போறேன். நீங்களும் கூட வரணும்."

"யார் வீட்டுக்கு?"

"மூணு மாடிக்கு."

அந்த வீட்டுக்குப் போக எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று சொல்ல, லாத்தா யார் என்று முதலில் சொல்ல வேண்டும்.

மலைக்கோட்டைக்குப் பின்புறம், பெரிய கடை வீதிக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தது எங்கள் தெரு. பாதி வீடுகள் முஸ்லிம் வீடுகள். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த நான் கல்யாணத்துக்குப் பிறகு அங்கே வாடகைக்குக் குடிபோனேன். லாத்தா என்றால் அவர்கள் வழக்கில் அக்கா. தெருவில் எல்லோருக்கும், அவரைவிட மூத்தவர்களுக்கும்கூட, அவர் லாத்தாதான். கணவர் சவூதியில் வேலை பார்த்தார். ஒரே மகளைத் துறையூரில் கட்டிக்கொடுத்திருந்தார். வீடு தெருவின் கோடியில், மேட்டில் இருந்தது.

தான் வாயில் வைத்துப் பார்க்காத எதையும் நல்லது என்று சொல்ல மாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல இந்த ஒன்று போதும். மளிகைக் கடையில் அரிசி வாங்கினால் நாலு மணியை வாயில் போட்டு மென்றுகொண்டே நிற்பார். "லாத்தா, மூட்டையையே முடிச்சுடுவீங்க போலிருக்கே" என்பார் கடைக்காரர். "நான் தின்னது நாலு அரிசி. இதுல கெடக்கற கல்ல நீ தின்னு பாத்தியா?" என்பார் இவர். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இருமல் மருந்து கொடுக்கச் சொன்னால், முதல் சொட்டு அவர் நாக்குக்குத்தான் போகும். "கசப்பு எவ்வளவுன்னு எனக்குத் தெரிஞ்சாத்தானே அவங்கிட்ட கசக்கும்டா கண்ணுன்னு சொல்ல முடியும்?"

டாக்டர் எப்படி, டியூஷன் எப்படி என்று யார் கேட்டாலும், போகாத இடமாக இருந்தால், "நான் போனதில்ல, எனக்குத் தெரியாது" என்பதோடு முடித்துக்கொள்வார். நல்ல இடம் என்று நாலு பேர் சொன்னார்கள் என்கிற பேச்சே அவரிடம் கிடையாது. மகளுக்குத் துறையூர் மாப்பிள்ளை வந்தபோது, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய் அந்த வீட்டு வாசலில் நின்று, தாகமாக இருக்கிறது, தண்ணீர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்.

"மூத்த மருமக தண்ணி கொண்டாந்துச்சு. நல்ல தண்ணி. குடுத்துட்டு அந்தப் புள்ள உள்ள ஓடல. மாமியா பக்கத்துலயே உக்காந்து, எந்த ஊரு, யாரு வீடுன்னு எங்கிட்ட பேசுச்சு. போதும் ஸ்ரீரங்கத்தம்மா. முடிச்சுடலாம்."

கல்யாணம் முடிந்து, அந்த வருஷம் மகள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில். கோடி வீட்டில் அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, தொட்டில் கம்பி மாட்டியாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருத் தண்ணீர் கெட்டது.

முதலில் ஒரு வாடை. காலையில் முதல் வாளி மட்டும் அழுகின முட்டை மாதிரி நாறும், பிறகு சரியாகிவிடும். தெருவில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அப்புறம் முனை வீட்டுத் தையல்காரருக்குக் கண் மஞ்சளாகிப் படுத்தார். முடிந்தவர்கள் கேன் தண்ணீருக்கு மாறினார்கள். பொதுக் குழாயில் பிடிக்கிற சந்து வீட்டுக்காரர்கள் அதையேதான் குடித்தார்கள்.

துறையூர்ச் சம்பந்தி அம்மாளின் போன் வந்தபோது நானும் லாத்தா வீட்டில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"உங்க தெருவுல மஞ்சக்காமாலையாமே? வயித்துப்புள்ளக்காரிக்கு அது வந்தா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்றாங்க. தண்ணி சரியாயிடுச்சுன்னு நீங்க உங்க வாயால சொல்லுங்க, அடுத்த பஸ்ஸுல கொண்டாந்து விடறேன். இல்லாட்டி இங்கயே பாத்துக்கறோம்."

பின்னால் மகள் விசும்புவது கேட்டது. கேன் வாங்குகிறோம், பயமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மகள் வந்துவிடுவாள். நான் கையைக் காட்டிச் சொல்லும்படி ஜாடை செய்தேன். லாத்தா என்னைப் பார்த்துவிட்டு, "இன்னும் சரியாகலங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"கேன் இருக்கே லாத்தா?"

"கேனுல சோறாக்கலாம். பொறந்த புள்ளய எதுல குளிப்பாட்டறது? அது வாயக் கொப்புளிக்கத் தெரியாம தண்ணிய முழுங்குமே, எதை முழுங்கும்?" பிறகு மெதுவாகச் சொன்னார்: "அதுவும் எங்க வீட்டுப் புள்ள மட்டுமா பொறக்குது இந்தத் தெருவுல?"

குழாய் ஆட்கள் வந்து தோண்டினார்கள். சாக்கடையைக் குழாய் கடந்து போகிற இடத்தில் ஒரு விரிசல் இருந்தது. அதை அடைத்தார்கள், மருந்து போட்டார்கள், தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் பரிசோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்த வாரமே வாடை திரும்பி வந்தது. மறுபடி வந்த குழாய்க்காரர் தெருவைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார்.

"பழைய பைப்புங்க. இன்னும் எங்கெங்க பொத்தல் இருக்கோ தெரியாது. தண்ணி உள்ளேருந்து தள்ளிக்கிட்டு வந்தா வெளிய கசியுமே தவிர, எதுவும் உள்ள போகாது. நீங்க வீட்டுக்கு வீடு மோட்டார வெச்சு உறிஞ்சறீங்க. ஸ்ட்ரா போட்டு இழுக்கற மாதிரி சாக்கடையும் சேந்து வருது. ஒரே ஒரு மோட்டார் ஓடினாக்கூட இதே கதிதான். புது பைப் போடற வரைக்கும் யாரும் போடாதீங்க."

அவர் சொன்னது உண்மை. தெருவில் யாரும் மோட்டார் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வதில்லை. கொல்லையில், குளியலறை மூலையில், கவிழ்த்த கூடைக்கடியில் இருக்கும். யாராவது பார்க்க வந்தால் ஹோஸைக் கழற்றிச் சுருட்டிவிடுவார்கள். ஆனால் தண்ணீர் வரும் நேரத்தில் வாசலில் நின்றால், தெரு முழுக்க வண்டு அடைத்த டப்பா மாதிரி ரீங்கரிக்கும். தாழ்வில் இருந்ததால் எங்கள் வீட்டுக்கு அது தேவைப்படவில்லை. மேட்டு வீட்டுக்காரர் போட்டால் அதற்கடுத்த வீட்டுக்கு வராது, அவரும் போடுவார். அப்படித்தான் பரவியது.

குழாய்க்காரர் போன மறுநாள் காலை, எல்லோரும் பொதுக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தபோது லாத்தா வந்தார். இடுப்பில் குடம் இருக்க வேண்டிய இடத்தில் மோட்டார். ஹோஸ் பின்னால் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. நடுத்தெருவில் இறக்கி வைத்தார். முக்காட்டைச் சரி செய்துகொண்டார்.

"இந்தத் தெருவுல மொத மோட்டார் இதுதான். கோடி வீட்டுக்குத் தண்ணி ஏறலன்னு புள்ளையோட அத்தா சவூதிலேருந்து லீவுல வந்தப்ப வாங்கிப் போட்டது. எங்களப் பாத்துத்தான் நீங்கல்லாம் போட்டீங்க. ஆரம்பிச்சது நாங்க. மொதல்ல எடுத்ததும் நாங்க."

"லாத்தாவுக்கு வெயில் ஜாஸ்தியாயிடுச்சு" என்று ஒருவர் முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார். மறுநாளிலிருந்து கோடி வீட்டுக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. லாத்தா பொதுக் குழாயிலிருந்து சுமந்து, காய்ச்சிக் குடித்தார். மற்ற மோட்டார்கள் ஓடின.

அதற்கப்புறம்தான் அவர் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். பெண் பிள்ளை என்பதால் நேராக அடுப்படிவரை போவார். "ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்பார். கேன் தண்ணீர் வரும். "இது வேணாம். குழாய்த் தண்ணி குடுங்க." வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. அதே தண்ணீரை எடுத்துக் கொடுக்கவும் கை வராது. அந்த இரண்டுக்கும் நடுவில் லாத்தா பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

முதல் வீட்டில் கொடுத்துவிட்டார்கள். லாத்தா குடித்துவிட்டார். இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அந்த வீட்டுப் பெண் உப்பும் சர்க்கரையும் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடி வந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது. "அழாத. குடுன்னு கேட்டேன், குடுத்தே. உன் மேல என்ன தப்பு?" என்றார் லாத்தா. அன்று சாயங்காலமே அந்த வீட்டு மோட்டார் வெளியே வந்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவரைக் குடிக்க விடவில்லை. டம்ளரைக் கையிலிருந்து பிடுங்கினார்கள். பிடுங்கியவர்கள் வீட்டில் மோட்டாரும் நின்றது. எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்த நாட்கள் அவை. இவ்வளவு சாதுவாக உட்கார்ந்து ஒருவர் இவ்வளவு கேட்க முடியும் என்று நான் அதுவரை அறிந்ததில்லை.

ரமலான் பிறந்தபோது ஒரு வீடுதான் பாக்கி. மூணு மாடி. கீழே முன்பக்கம் எலெக்ட்ரிக் சாமான் கடை, பின்பக்கம் வீடு, மேலே இரண்டு குடித்தனம். அங்கே இருந்ததுதான் பெரிய மோட்டார்.

"நான் எடுத்துட்டா மாடிக்கு யார் தூக்கிட்டுப் போறது? நீங்களா?" என்று அந்தக் கடைக்காரர் லாத்தாவிடம் கேட்டிருந்தார்.

"கீழ ஒரு டிரம் வைங்க. தண்ணி தானா வந்து நெறையட்டும். டிரம்முலேருந்து மோட்டாரப் போட்டு மேல ஏத்துங்க. அத யாரு கேக்கப் போறா? குழாயிலேருந்து உறிஞ்சாதீங்கன்னுதானே சொல்றோம்."

"டிரம் நெறைய எத்தனை நேரம் ஆகும்? தெருவுல எல்லாரும் நிறுத்திட்டாங்க இல்ல, அப்ப என் ஒருத்தனால என்ன ஆயிடப் போகுது?"

அந்த வீட்டுக்குத்தான் இப்போது நோன்பு திறக்கப் போகிறோம்.

கடையைத் தாண்டி உள்ளே போனோம். லாத்தா கையில் ஒரு பேரீச்சம்பழம் மட்டும். அந்த வீட்டம்மாள் பாய் விரித்தார். கடைக்காரரும் உள்ளே வந்தார்.

"வாங்க லாத்தா. நம்ம வீட்டுல நோன்பு தொறக்கறீங்களா? ரொம்ப சந்தோஷம். ரோஸ்மில்க் வாங்கிட்டு வரச் சொல்லவா?"

"அதெல்லாம் வேணாம். காலைல புடிச்ச குழாய்த் தண்ணி ஒரு டம்ளர் போதும்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உள்ளே போய் வெகு நேரம் கழித்து ஒரு டம்ளர் தண்ணீருடன் வந்து, லாத்தா முன்னால் வைத்தார். வாடை எனக்கே வந்தது.

"குடிச்சு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா தெரு பூரா என்னைத்தானே ஏசும்?" என்றார் கடைக்காரர். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"நான் ஏசமாட்டேன். தெருவையும் ஏச விடமாட்டேன். நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லணும். இந்தத் தண்ணி நல்ல தண்ணின்னு சொல்லுங்க. சொன்னா, எம் பொண்ணுக்கு இப்பவே போன் போட்டு வரச் சொல்லிடறேன்."

அவர் தோள் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளிவாசலில் மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம், பிறகு நோன்பு திறக்கிற நேரத்துப் பாங்கு. லாத்தா பிஸ்மி சொல்லி, பேரீச்சம்பழத்தைக் கடித்து மென்றார். பகல் முழுக்கத் தண்ணீர் படாத உதடு வெடித்திருந்தது. டம்ளரைத் தூக்கினார்.

அந்த அம்மாளின் கை பாய்ந்து வந்தது. தண்ணீர் லாத்தாவின் சேலையில் கொட்டியது, டம்ளர் உருண்டு கடைக்காரர் காலடியில் போய் நின்றது.

"என்னங்க மரமாட்டம் நிக்கறீங்க? போய் அந்தச் சனியனப் புடுங்குங்க!"

அவர் கொல்லைப்பக்கம் போனார். ஏதோ உலோகம் கல்லில் உரசியது. திரும்பி வந்தபோது மோட்டாரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். ஹோஸிலிருந்து கறுப்பாகச் சொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "டிரம் கடையிலயே இருக்கு லாத்தா. காலைக்குள்ள வெச்சுடறேன்."

வீட்டம்மாள் கேன் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். லாத்தா வாங்கி மடமடவென்று குடித்தார். அவர் கேன் தண்ணீர் குடித்ததை நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். "நெஜமாவே குடிச்சிருப்பீங்களா?"

"தாகம் இருந்துச்சு, தண்ணி இருந்துச்சு" என்றார். "சும்மா ஏமாத்தத் தூக்கினா, அந்தத் தங்கச்சி கை வந்திருக்குமா?" பிறகு, "காலைல டம்ளர் எடுத்துக்கிட்டு கோடி வீட்டுக்கு வந்துடுங்க" என்றார்.

பிறகு எத்தனையோ தண்ணீர் குடித்துவிட்டேன். நாங்கள் ஸ்ரீரங்கத்துக்கே வீடு மாற்றிக்கொண்டு வந்துவிட்டோம். அந்தத் தெருவுக்குப் புதுக் குழாய் போட்டாகிவிட்டது என்று கேள்வி. இருந்தும், குழாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அந்த மறுநாள் காலைதான்.

ஜூலை 16, புதன்கிழமை. எழுந்ததும் வேறு எதுவும் செய்யாமல் கோடி வீட்டுக்குப் போனேன். தெருவே வாசலில் நின்றது. மூணு மாடிக்காரரும் நின்றார். ஐந்தே முக்கால் ஆனது. ரீங்காரம் இல்லை. வண்டு அடைத்த டப்பா வாயை மூடிக்கொண்டுவிட்டது. அந்த அமைதியில், மண்ணுக்கடியில் தண்ணீர் நடந்து வருவதே கேட்கிற மாதிரி இருந்தது. தாழ்வில் இருந்த வீடுகளில் ஒவ்வொன்றாகக் குழாய் பேசத் தொடங்கியது. கோடி வீட்டுக் குழாய் இருமியது. காற்று வந்தது, கலங்கல் வந்தது. லாத்தா அதை ஓட விட்டார். பிறகு விரல் கனத்துக்குத் தெளிவாக, நிற்காமல் வந்தது. மருந்து வாடை மட்டும் லேசாக அடித்தது. மோட்டார் இல்லாமல், மேட்டுக்கு ஏறி வந்த தண்ணீர்.

லாத்தா நான் கொண்டுபோன டம்ளரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன்னுடைய எவர்சில்வர் டம்ளரைக் கழுவி நிறையப் பிடித்தார். மறு கையில் போன், துறையூர் லைனில் இருந்தது. சம்பந்தி அம்மாள் "சொல்லுங்க, சரியாயிடுச்சா?" என்பது எனக்கே கேட்டது.

"நான் நோன்புங்க. குடிக்கல. குடிக்காம நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றார் லாத்தா. "வந்தப்பறமும் புள்ளைக்குக் காய்ச்சித்தான் குடுப்பேன். ஆனா கேட்டீங்கல்ல, வாயால சொல்லச் சொல்லி. சொல்ற வாய் இங்க இருக்கு. இருங்க."

டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

நான் வாங்கினேன். விளிம்பு குளிர்ந்திருந்தது. அன்று நான் அதை அண்ணாந்து தூக்கவில்லை. விளிம்பில் வாய் வைத்து, முதல் மிடறை நாக்கில் நிறுத்தி, பிறகு அடி வரைக்கும் குடித்தேன். போனுக்குக் கை நீட்டினேன்.

"குடிச்சேங்க. நல்லா இருக்கு. பொண்ண அனுப்பி வைங்க."